ஒரே லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்

நேற்று ஒரு பழைய மாணவி போனில் பேசினாள். "சார், அந்த ரூட் டிஸ்க் ஞாபகம் இருக்கா?" என்றாள். மறக்குமா!

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று சி-டாக் சென்னை மையம் டெபியன் லினக்ஸிலிருந்து உருவாக்கிய 'பாஸ்'. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். ஒரு சர்க்கார் இப்படிச் செய்தது பெரிய காரியம் என்பது என் எண்ணம். ஆனால் நம்ம ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் பிள்ளைகள் முதல் வேலையாக செல்போன் கடைக்குப் போய், "கேம் ஓடல" என்று பாஸை அழித்துவிட்டு வந்தார்கள்.

அவளுடையதும் அப்படித்தான் ஆகியிருந்தது. சிப்காட் வருவதற்கு முன் உங்கள் ஊர் எப்படி இருந்தது என்று எழுதச் சொல்லியிருந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் 1998இல், ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போன் 2006இல் என்று ஆலைகள் வந்த வருஷம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அங்கே யார் நிலம், எந்த ஏரிப் பாசனம் என்பது பாட்டிமார் வாயில்தான் இருந்தது. இவள் தன் பாட்டியிடம் கேட்டு எழுத ஆசைப்பட்டாள், லினக்ஸும் வேண்டும் என்றாள்.

சிடி போட லேப்டாப்பில் வழியில்லை. பள்ளி லேபைச் சுற்றி வந்த பென்டிரைவ்களில் வைரஸ் இல்லாதது ஒன்றுகூட இல்லை. அப்போது கைகொடுத்தது 'வுபி'. 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 உடன் வந்த சின்ன மென்பொருள் அது. டிஸ்க்கைப் பிரிக்க வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே ரூட் டிஸ்க் என்று ஒரு பெரிய கோப்பை உண்டாக்கி, அதற்குள் உபுண்டுவைக் குடிவைத்துவிடும். மற்றதை இணையத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும். என் வீட்டு பிராட்பேண்டில் ராத்திரி முழுக்க இறங்கியது. திண்ணையுள்ள வீட்டில் ஒட்டுக்குடித்தனம் மாதிரி என்று அவளுக்கு விளக்கினேன்.

ஒட்டுக்குடித்தனத்தின் ஆபத்தை மட்டும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

2012இன் மின்வெட்டு நினைவிருக்கிறதா? பேட்டரியும் தீர்ந்து, லேப்டாப் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. மறுபடி ஆன் செய்தபோது விண்டோஸ் டிஸ்க்கைச் சோதித்தது, அதன்பின் உபுண்டு திறக்கவில்லை. நாற்பது பக்கம். பாட்டி அதற்குள் தவறியிருந்தார். திரும்பக் கேட்க ஆளில்லை. அவள் அழவில்லை, என்னைப் பார்த்தபடி நின்றாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாள் படித்துத் தேடியதில் விஷயம் புரிந்தது. சோதிக்கும்போது சந்தேகப்பட்ட கோப்புகளை விண்டோஸ், 'பவுண்ட்' என்ற பெயரில் மறைத்து வைக்கும் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடுமாம். மறைந்தவற்றைக் காட்டு என்று கட்டளையிட்டோம். ஜிபி கணக்கில் பெரிய கோப்பு ஒன்று அங்கே கிடந்தது. பழைய இடத்துக்கே நகர்த்தினோம். திறந்தது. நாற்பது பக்கமும் இருந்தன, பாட்டி சொன்ன வயல்களின் பெயர்களோடு.

வுபியை உபுண்டு 13.04இல் கைவிட்டார்கள். அடுத்த வருஷம், 2014 நவம்பரில், நோக்கியா ஆலையும் நின்றது. அவள் நேற்று போன் செய்தது, அந்தப் பக்கங்களை அச்சில் கொண்டுவரலாமா என்று கேட்கத்தான். பிழை திருத்த அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.