செம்பைத் தின்ன முடியுமா?

பவ்ஹாட்டன் மக்கள் என்றதும் எல்லோரும் போகஹாண்டஸ் கதைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ருசியில்லை. பாத்திரக் கடை வீட்டில் வளர்ந்தவன்; கண் செம்பின் மேல்தான் போகிறது.

1607 மே மாதம் நூற்றுச் சொச்சம் ஆங்கிலேய ஆண்களும் சிறுவர்களும் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். சுற்றியிருந்த ஏறத்தாழ 30 பவ்ஹாட்டன் குலங்களுக்குத் தலைவர் வாஹுன்செனகாவ். ஆங்கிலேயர் அவரையே பவ்ஹாட்டன் என்றார்கள். வந்தவர்களால் தங்கள் சோற்றைத் தாங்களே விளைவித்துக்கொள்ள முடியவில்லை. மழையும் ஏமாற்றியது, 1606 முதல் 1612 வரை அங்கே கடும் வறட்சி என்று பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்கள் காட்டுகின்றன. மக்காச்சோளம் இருந்தது பவ்ஹாட்டன் பெண்கள் பாடுபட்ட வயல்களில்தான்.

அதை வாங்க ஆங்கிலேயரிடம் செம்புத் தகடு இருந்தது. பவ்ஹாட்டன் மக்களுக்கோ செம்பு தொலைவிலிருந்து வரவேண்டிய அரும்பொருள். தலைவர்கள் அணிவது, அவர்களோடு புதைக்கப்படுவது. தகட்டைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்தால் கூடை கூடையாகச் சோளம் கிடைத்தது.

1608 தொடக்கத்தில் ஆங்கிலேயர் தரப்பில் கேப்டன் நியூபோர்ட் வெரோவோகோமோகோவுக்குப் போனார். அது தலைவரின் ஊர். சில்லறையாகப் பேரம் பேசுவது நம் இருவர் தகுதிக்கும் ஆகாது, சரக்கு முழுவதையும் முன்னால் வையுங்கள், பிடித்ததை எடுத்துக்கொண்டு தக்கதைத் தருகிறேன் என்றார் தலைவர். நியூபோர்ட் வைத்தார், கிடைத்த சோளம் சொற்பம். பழுத்த வியாபாரி அந்தத் தலைவர்! உடன் போயிருந்த ஜான் ஸ்மித் நீலமணிகளைக் காட்டி ஆசைமூட்டித்தான் கப்பலை ஒப்பேற்றினார். போதாததற்கு மாலுமிகள் திருட்டுத்தனமாகச் செம்பு விற்றார்கள். ஓர் அவுன்ஸுக்கு வந்த சோளம் இப்போது ஒரு பவுண்டுக்கும் வரவில்லை என்று ஸ்மித் புலம்பியிருக்கிறார். சரக்கு மலிந்தால் சந்தை படுக்கும், ஆற்றாமையில் பயனில்லை.

1609 ஜனவரியில் தலைவர் துப்பாக்கியும் வாளும் கேட்டார். சோளத்தைத் தின்னலாம், செம்பைத் தின்ன முடியாது என்பது அவர் சொன்ன காரணம். பஞ்ச காலத்தில் அதற்கு யார் மறுமொழி சொல்ல முடியும்? ஸ்மித் ஆயுதம் தர மறுத்தார், மிரட்டிச் சோளம் வாங்கினார். என் கணக்கில் உறவு முறிந்தது அங்கேதான். அந்த ஆண்டின் இறுதியில் கோட்டை முற்றுகையில் கிடந்தது; குளிர்காலம் முடிந்தபோது உள்ளே சுமார் 60 பேரே உயிரோடிருந்தார்கள்.

1614இல் தலைவரின் மகள் போகஹாண்டஸ் ஆங்கிலேயரான ஜான் ரால்ஃபை மணந்ததும் சில ஆண்டுகள் அமைதி. அதே ரால்ஃப் பயிரிட்டுப் பரப்பிய புகையிலை நிலத்தை விழுங்கத் தொடங்கியது. இனி ஆங்கிலேயருக்கு வேண்டியது சோளமல்ல, வயலே. 1622 மார்ச் 22 அன்று பவ்ஹாட்டன் தலைவர் ஓப்பெச்சான்கனோ தலைமையில் நடந்த தாக்குதலில் 347 ஆங்கிலேயர் இறந்தார்கள். பதிலடி ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1646 உடன்படிக்கை பவ்ஹாட்டன் மக்களை ஆண்டுக்கு 20 பீவர் தோல் கப்பம் கட்டவைத்தது.

கப்பம் இன்னும் நிற்கவில்லை. பவ்ஹாட்டன் மக்களில் பமுன்கீ, மட்டபொனி குலத்தார் ஆண்டுதோறும் நன்றிகூறல் நாளையொட்டி வர்ஜீனியா ஆளுநருக்கு மான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பமுன்கீ குலத்தை அமெரிக்க மத்திய அரசு அங்கீகரிக்க முடிவெடுத்ததோ 2015இல்தான்.