‘யார் நீ’ முதல் ‘கிங்ஸ்டன்’ வரை: பேய்ப் படம் பார்த்தா ஏன் பயம் வருது? காலத்துக்குக் காலம் மாறியது என்ன?

தாத்தாவை நடுங்க வைத்த பேய்ப் படத்தைப் பார்த்து இன்று பேரன் சிரிக்கிறான். அப்போ பழைய படங்களில் பயமே இல்லையா? இருந்தது. ஆனால் அது இருந்த இடம் வேறு.

1960-கள்: ரோட்டில் நின்ற பயம்

1966-ல் வெளியான ‘யார் நீ’ படத்தில் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்தனர். ‘வோ கௌன் தி’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் இது. மழை இரவு, வெள்ளைப் புடவை, எங்கிருந்தோ கேட்கும் பாட்டு. அவ்வளவுதான். கருப்பு வெள்ளைத் திரையில் பாதி இருட்டு. அதில் என்ன இருக்கிறது என்பதை ரசிகரே கற்பனை செய்துகொள்ள வேண்டும். கரண்ட் இல்லாத ஊர்கள் நிறைய இருந்த காலம். படம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதுதான் நிஜமான பயமே! ஆனால் கடைசியில் பேய் இல்லை, எல்லாம் மனிதர்களின் சதி என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

2009: வீட்டுக்குள் வந்த பயம்

‘யாவரும் நலம்’ படத்தில் மாதவன் குடும்பம் அடுக்குமாடி வீட்டில் குடியேறுகிறது. டிவி சீரியலில் வரும் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் இவர்களுக்கும் நடக்கிறது. அதே ஆண்டு வந்த ‘ஈரம்’ படத்தில் தண்ணீரே ஆவி. பாழடைந்த பங்களா தேவைப்படவில்லை. டிவியும் குழாயும் போதும். 2011-ல் ‘காஞ்சனா’ இதில் சிரிப்பையும் சேர்த்தது.

திடுக்கிடுவது வேறு, பயம் வேறு

திடீர் சத்தத்துக்கு உடம்பு தானாகத் துள்ளும். அதுதான் ‘ஜம்ப் ஸ்கேர்’. அடுத்தடுத்து வந்தால் பழகிவிடும். ஆனால் ‘ஏதோ நடக்கப் போகுது’ என்ற எதிர்பார்ப்பு அவ்வளவு சீக்கிரம் பழகாது. நம்ம வாழ்க்கையில் இருக்கும் ஒரு பொருளோடு அது ஒட்டிக்கொண்டால், படம் முடிந்த பிறகும் கூடவே வரும்.

(மொபைலில் பார்க்கிறீர்களா? சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி சத்தம் சரியாகக் கேட்காது. பாதி பயம் அங்கேயே போய்விடும். ஹெட்போன் போட்டுப் பாருங்கள்!)

தூத்துக்குடி: கடலே பேயானால்?

2025 மார்ச்சில் ஜி.வி.பிரகாஷ்குமார் நடிப்பில் வந்த ‘கிங்ஸ்டன்’, தூத்துக்குடி கடற்கரையின் கற்பனை கிராமம் ஒன்றில் நடக்கும் கதை. கடலுக்குப் போனவர் உயிரோடு திரும்புவதில்லை என்ற சாபம்தான் கரு.

சாபம் கற்பனை. கடல் பயம் கற்பனை இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்க இறங்கியவர்கள், சுறா அண்டாமலிருக்க மந்திரம் சொல்பவரை வைத்துக்கொண்டே இறங்கினார்கள். ‘கடல்கட்டி’ என்பது அவருக்குப் பெயர். அவருக்குக் கூலி, கிடைத்த முத்தில் 20-ல் ஒரு பங்கு என்று 13-ம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பயத்துக்கு அன்றைக்கே விலை இருந்தது!

அப்போ எது நிஜமான பயம்?

இருட்டு ரோடு, டிவி பெட்டி, கடல். மூன்றுமே தினமும் பார்க்கும் விஷயங்கள்தான். பேயின் உருவம் பழசாகிவிடும். வீட்டு ஆள் இன்னும் திரும்பவில்லையே என்று கரையில் காத்திருப்பவரின் பயம் எந்தக் காலத்திலும் பழசாகாது.