பேர்க்ஹெட் கடல்முனை அரண்

அரணை நீர், நிலம், மலை, காடு என நால்வகைப்படுத்துதல் தமிழ் நூலோர் மரபு. கடலினுள் நீண்டு செல்லும் பாறை முனையில் அமைந்த அரண் இப்பாகுபாட்டில் ஒன்றனுள் மாத்திரம் அடங்குவதன்று. நீரரணின் பயனும் மலையரணின் பயனும் அதன்கண் ஒருங்கே கூடியுள்ளன. மூன்று பக்கமும் அலை காத்து நிற்க, நிலத்தோடு இணையும் கழுத்துப் பகுதியை மட்டும் மதிலாலும் அகழியாலும் மறித்துவிட்டாற் போதும். சிறு படையொன்று பெரும்படையைத் தடுத்து நிற்றல் கூடும். பிரித்தானிய, அயர்லாந்துத் தீவுகளின் கரையோரங்களில் இத்தகைய அரண்கள் நூற்றுக்கணக்கில் உள. அவற்றுள் ஒன்று ஸ்கொத்லாந்தின் வடகிழக்கில், மொறே குடாவின் தென்கரையில் அமைந்த பேர்க்ஹெட் அரண். பிக்தர் என்னும் பழைய இனத்தார் அமைத்தனவாக அறியப்பட்ட அரண்களுள் இதுவே மிகப் பெரியது. எனினும், அரணின் பெருமையிலும் அதனை உலகம் அறிந்துகொண்ட வரலாறே ஈண்டு பெரிதும் சிந்திக்கத்தக்கது.

பேர்க்ஹெட்டுக்கு இன்று செல்வோர் அரணைக் காண எதிர்பார்த்தால் ஏமாற்றமே அடைவர். நேர்நேராக வகுக்கப்பட்ட தெருக்களும் சிறு துறைமுகமும் கொண்ட ஊரே முனையின் பெரும்பகுதியை மூடியுள்ளது. 1805ஆம் ஆண்டுக்கும் 1809ஆம் ஆண்டுக்கும் இடையில் அவ்வூரும் துறைமுகமும் அமைக்கப்பட்டபோது, கழுத்தை மறித்து நின்ற மதில்கள் இடித்து நிரவப்பட்டன. உள்ளரணிலும் பெரும்பகுதி அழிந்தது. மதிற்கற்கள் கட்டடக் கற்களாயின. முன்னிருந்த அமைப்பை அறிவதற்கு இன்று நமக்குள்ள தலையாய சான்று, மேஜர் ஜெனரல் வில்லியம் றோய் என்பாரின் நூலிலுள்ள நிலப்படமே.

றோய் 1747 முதல் 1755 வரை நடைபெற்ற ஸ்கொத்லாந்துப் படைத்துறை நில அளவையிற் பங்குகொண்டு பயின்றவர். நிலத்தைக் கண்ணால் அளக்கும் ஆற்றலில் அக்காலத்தில் அவருக்கு ஒப்பாவார் சிலரே. வடபிரித்தானியாவில் உரோமர் விட்டுச்சென்ற படைத்துறைச் சின்னங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல், அவர் இறந்து மூன்றாண்டுகளின் பின்னர், 1793இல், இலண்டன் தொல்பொருட் கழகத்தாரால் வெளியிடப்பட்டது. முனையின் கழுத்துக்குக் குறுக்கே மூன்று மதில் வரிசைகள், அவற்றிடையே அகழிகள், அப்பாற் கடலை நோக்கி, உயர்ந்ததும் தாழ்ந்ததுமாக அடுத்தடுத்து இரு உள்ளரண்கள், இவற்றை அப்படம் தெளிவாகக் காட்டுகின்றது.

உரோமரைப் பற்றிய நூலில் பிக்தர் அரண் புகுந்தது எவ்வாறு? இதற்கு விடை கொப்பன்கேகன் நகரிற் கிடைக்கின்றது. அங்கே ஆங்கிலம் கற்பித்து வாழ்ந்த சாள்ஸ் பேட்றம் என்னும் இளைஞர், 1747இல், இங்கிலாந்தின் புகழ்பெற்ற தொல்பொருளறிஞரான வில்லியம் ஸ்ரூக்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். றிச்சேட் என்னும் துறவி 14ஆம் நூற்றாண்டில் எழுதிய பழஞ்சுவடி ஒன்று தமக்குக் கிட்டியதாகவும், உரோமர் காலப் பிரித்தானியாவின் ஊர்களும் வழிகளும் அதிற் குறிக்கப்பட்டுள்ளன எனவும் அவர் கூறினார். ஸ்ரூக்லி அதனை மெய்யென நம்பினார். 1757இல் நூல் அச்சேறிற்று. வடகோடியில் உரோமர் வழி சென்று முடியும் இடமாக அதிற் குறிக்கப்பட்டது 'ப்டோரோட்டன்' என்னும் ஊர். கி. பி. 2ஆம் நூற்றாண்டினரான தொலமியின் புவியியல் நூலில் 'சிறகுடைய பாசறை' எனப் பொருள்படும் இடப்பெயர் ஒன்று வடபிரித்தானியாவிற் குறிக்கப்பட்டிருந்தமையால், பேட்றத்தின் ஊர் அதுவே என்பது எவர்க்கும் எளிதில் தோன்றிற்று. றோய் அவ்விரு பெயர்களையும் பேர்க்ஹெட்டின்மேல் ஏற்றினார்.

பேட்றத்தின் சுவடியோ ஒருவராலும் காணப்படாதது. அவர் அனுப்பியவை படிகளும், எழுத்துமாதிரி எனக் கூறப்பட்ட சிறு துண்டும் மாத்திரமே. நூலின் இலத்தீன் நடை இடைக்காலத் துறவியின் நடையன்று என்பதும், தசிற்றசின் நூலிலிருந்து எடுத்த பகுதிகளிற் பிற்கால அச்சுப் பதிப்புக்களிற் புகுந்த பாடபேதங்களே காணப்படுகின்றன என்பதும் 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அச்சுப்பிழையைப் பார்த்து எழுதுதல் எங்ஙனம்? வின்ட்சர் அரச நூலகத்தின் நூலகராயிருந்த வூட்வேட் 1866, 1867ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளால் நூல் முழுவதும் பேட்றத்தின் கட்டே என்பது நிலைநாட்டப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர் பலர் அதனை மேற்கோளாகக் காட்டி வந்தனர் என்பது, ஏட்டுச் சான்றென்றால் உசாவாது ஏற்கும் பழக்கமுடைய எந்நாட்டவர்க்கும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இதன் பொருட்டு றோயைக் குறைகூறுவோர் ஒன்றை மறத்தலாகாது. பேர்க்ஹெட் உரோமருடையது என அவர் கருதாதிருந்தால், உரோமரைப் பற்றிய அவருடைய நூலில் அதற்கு இடமே இருந்திராது. அரணைக் கட்டினோர் யார் என்பதில் அவர் தவறினார். அரண் எவ்வாறிருந்தது என்பதிற் பின்வந்தோர் அனைவரும் அவர் படத்தையே நம்பி நிற்கின்றனர். நூல் வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகளில் மதில் இடிபடத் தொடங்கிற்று. பொய்நூலொன்றினாற் கிளர்ந்த ஊக்கம் மெய்யான அமைப்பின் வடிவத்தைக் காத்துத் தந்தது. பேட்றத்தின் பொய்யை ஆராய்ச்சியாற் களைய முடிந்தது. ஊர் அமைத்தோர் இடித்த மதிலை மீட்க எந்த ஆராய்ச்சியாலும் முடியாது. இவ்விரண்டனுள் எது பெருந்தீங்கு என்பது வெளிப்படை.

அவ்வழிவின்போது சில பொருள்கள் வெளிப்பட்டன. எருது உருவம் கீறப்பட்ட கற்பலகைகள் முப்பதளவிற் கிடைத்தன என்பர். தலை தாழ்த்தி நடக்கும் எருதின் தோளையும் தொடையையும் சில சுழிகோடுகளாற் காட்டும் அவ்வேலைப்பாடு பிக்தர் கலைக்கே உரியது. 1809இல் ஊரவர் நீர் தேடியபோது, பாறையில் வெட்டிய படிகளின் அடியில், சதுரமான தொட்டியும் அதனைச் சுற்றி நடைமேடையும் கொண்ட நிலவறை ஒன்று தென்பட்டது. அது நெடுங்காலம் 'உரோமர் கிணறு' என்றே வழங்கிற்று. பொய்நூல் வீழ்ந்த பின்னரும் அது தந்த பெயர் வீழவில்லை! திருமுழுக்குக்குரிய இடமென்பாரும், நீர்த்தெய்வ வழிபாட்டிடமென்பாரும், அரணின் குடிநீர்க் கிணறே என்பாரும் உளர். முற்றுகையை எதிர்பார்த்துக் கட்டிய அரணுக்கு நன்னீர் இன்றியமையாததாகலின், மூன்றாவது கூற்றுக்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை. பிற பயன்கள் அதனோடு சேர்ந்திருத்தலும் கூடும்.

மண்வெட்டி கொண்டு ஆராயும் முயற்சி 1890இல் ஹியூ யங் என்பாரால் தொடங்கப்பெற்று 1893 வரை நடைபெற்றது. மதிலின் உள்ளீட்டில் ஓக் மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டு இரும்பாணிகளாற் பிணைக்கப்பட்டிருந்தமையை அவர் கண்டார். கல்லுக்கு உறுதி தர மரத்தை உள்ளே வைக்கும் இம்முறைக்கு ஒரு குறையுண்டு: தீப்பற்றினால் மதில் உள்ளிருந்தே சரியும். அலன் ஸ்மோல் 1966 முதல் 1969 வரை மீண்டும் அகழ்ந்தபோது, கரிந்த மரங்களின் வயதைக் கரி 14 முறையாற் கணிக்க முடிந்தது. கிடைத்த காலம் கிறித்துவுக்குப் பின் முதலாயிரத்தின் நடுப்பகுதியைச் சார்ந்தது. உரோமப் படைகள் அந்நாட்டினின்றும் நீங்கிய காலத்தையும் அதற்குப் பிந்திய காலத்தையும் தழுவியது. ஏட்டுவழக்கு நூற்றாண்டுக் கணக்கில் நீடித்த வினாவுக்கு ஒரு பிடி கரி விடை கூறிற்று.

ஊர் அனைத்தையும் விழுங்கிவிட்டது என்னும் எண்ணமும் அண்மையில் தகர்ந்தது. அபடீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோடன் நோபிள் 2015 முதல் நடத்திய அகழ்வுகளில் நீள்மனை ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. அதன்கண் 871 முதல் 899 வரை ஆண்ட ஆங்கில அரசன் அல்பிரட்டின் நாணயம் ஒன்றும் கிடைத்தது. தென்னாட்டு நாணயம் வடகடல் முனையிற் கிடந்தமை, அங்கு வாழ்ந்தோரின் தொடர்புகள் குறுகியன அல்ல என்பதைக் காட்டும். மதில் எட்டு மீற்றர் அகலமும் ஆறு மீற்றர் உயரமும் உடையதாயிருந்தது எனவும் மதிப்பிட்டுள்ளனர்.

பிக்தரின் தலைமை நாடாகிய போற்றியூ தெற்கே இருந்ததென்று நெடுநாள் கருதப்பட்டு வந்தது. அது வடக்கே மொறேப் பகுதியைச் சார்ந்ததென 2006இல் அலெக்ஸ் வூல்ப் காட்டிய பின்னர், பேர்க்ஹெட் அந்நாட்டு வேந்தரின் இருக்கைகளுள் ஒன்றாயிருக்கலாம் என்னும் கருத்து வலுப்பெற்றது. மதில் எரிந்தழிந்தது உறுதி. எரித்தோர் வைக்கிங்கர் என்பது பலர் கொள்கை. 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் அக்கரைகளைத் தாக்கினராதலின் அது பொருந்துவதே. ஆயினும் சாம்பர் காலத்தைக் கூறுமேயன்றித் தீ மூட்டியவன் பெயரைக் கூறாது. உள்நாட்டுப் பகையும் நெருப்பறியாததன்று. முன்னர் உரோமர் பெயரை விரைந்து ஏற்றியோர் அடைந்த பயனை அறிந்தோர், இப்பெயரையும் சற்று நிதானித்தே ஏற்பர். ஆண்டுதோறும் சனவரி 11ஆம் நாள் இரவு, எஞ்சிய மதிற்றுண்டின்மேல் ஊரவர் தார்ப் பீப்பாயை எரித்துக் கொண்டாடும் விழாவையும் பிக்தர் காலத்ததென்பார் உளர். மதில் பழையதாயின் அதன்மேல் எரியும் நெருப்பும் பழையது என்னும் அவ்வாதத்தை வரலாறாகக் கொள்ளுதல் அரிது.

எருதுக் கற்களுள் இன்று எஞ்சியவை ஆறு. இரண்டு பேர்க்ஹெட்டிலும், இரண்டு அயலிலுள்ள எல்ஜின் அரும்பொருட்சாலையிலும், ஒன்று எடின்பரோவிலும், ஒன்று இலண்டன் பிரித்தானிய அரும்பொருட்சாலையிலும் உள. ஏனையவை துறைமுகச் சுவரினுட் சேர்ந்து கிடக்கின்றன என்பது ஊரவர் கூற்று.