தானே மூடும் வால்வும், நாங்கள் வேண்டாம் என்ற மடைக்காரரும்

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் பாளையங்கோட்டைக்குத் திரும்பினோம். "என்ன சார் பார்த்தீங்க?" என்று பலர் கேட்டீர்கள். கோட்டை, மியூசியம் எல்லாம் பார்த்தேன். ஆனால் மனதில் நிற்பது ஒரு வால்வு. பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

மகள் இருப்பது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வீடு. குளிர்காலத்தில் பாய்லரில் வெந்நீர் காய்ந்து, குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போய்த் திரும்பி வருகிறது. அறையில் அது சுற்றும் இரும்புப் பெட்டியை ரேடியேட்டர் என்கிறார்கள். நம் லாரிக்கு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு ஒருவகையில் தம்பி. அது எஞ்சினைக் குளிரவைக்கும், இது மனிதரைக் காயவைக்கும்.

பழைய வால்வுகள் நம் வீட்டுக் குழாய்த் திருகு மாதிரி. கையால் திறக்க வேண்டும், கையால் மூட வேண்டும். ராத்திரி திறந்து வைத்துவிட்டுத் தூங்கினால் விடியற்காலம் புழுங்கும். உடனே ஜன்னலைத் திறப்பார்கள்! காசு கொடுத்துக் காய்ச்சிய சூடு தெருவுக்குப் போகும். கேஸ் பில்லைப் பார்த்த மாப்பிள்ளை, எல்லாவற்றையும் மாற்றிவிட ஆள் வரச் சொன்னார்.

பிளம்பர் முதலில் குழாய்களில் இருந்த தண்ணீரை வடித்தார். மை மாதிரி கறுப்பாக வந்தது. இரும்பு துருப்பிடித்த கசடு. பழைய வால்வைக் கழற்றி, மரையில் வெள்ளை டேப் சுற்றி, புதியதைப் பூட்டினார். மறுபடி தண்ணீர் நிரப்பி, ரேடியேட்டருக்குள் மாட்டிய காற்றை வெளியேற்றினார். அரைநாள் வேலை. நடைக்கூடத்து ரேடியேட்டரை மட்டும் தொடவில்லை. கேட்டேன். பாய்லரை நிறுத்தி ஓட்டும் தெர்மோஸ்டாட் அங்கே சுவரில் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் என்றார்.

புதிய வால்வின் தலையில் 1 முதல் 5 வரை எண்கள். 3-இல் வைத்தால் அறை சுமார் 20 டிகிரியில் நிற்கும். உள்ளே கரண்டும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. ஒரு சிறு குப்பிக்குள் மெழுகோ திரவமோ இருக்கிறது. அறை சூடானால் அது விரிந்து ஓர் ஊசியைத் தள்ளும். ஊசி துளையை அடைக்கும். குளிர்ந்தால் சுருங்கும், வில்சுருள் ஊசியைத் திருப்பித் தள்ளும். அவ்வளவுதான்.

வரலாற்று வாத்தியாருக்குச் சும்மா இருக்க முடியுமா? இதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொர்னேலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர், இங்கிலாந்தில் இருந்துகொண்டு, கோழிமுட்டை பொரிக்கும் அடுப்புக்குத் தானே சூட்டைச் சீராக்கும் கருவி செய்தார். சாராயமும் பாதரசமும் விரிந்து, காற்றுவழியை அடைக்கும். 'தெர்மோஸ்டாட்' என்ற பெயர் 1830-இல் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ யூர் வைத்தது. இரும்புப் பெட்டிக்கே இந்த வால்வை இணைத்தவர் டென்மார்க்கின் மேட்ஸ் கிளவுசன், டான்ஃபோஸ் கம்பெனியைத் தொடங்கியவர். ஆண்டு 1943. ஜெர்மானியர் பிடியில் இருந்த நாடு, நிலக்கரிக்குப் பஞ்சம். பிறகு 1973-இல் எண்ணெய் விலை எகிறியபோது ஐரோப்பா முழுக்க இந்த வால்வு பரவியது.

நடுவில் ஒருவரை விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒயிட்வாட்டர் என்ற ஊர். அங்கே ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் வாரன் ஜான்சன் என்ற வாத்தியார். நம் ஜாதி! பாடம் நடக்கும்போது பள்ளி ஊழியர் ஒவ்வொரு வகுப்பாக வந்து, சூடு சரியா என்று பார்த்துவிட்டு, நிலவறைக்குப் போய் அடுப்பின் காற்றுவழியைத் திருத்துவார். பாடம் கெடுகிறது என்று ஜான்சன், அறை குளிர்ந்தால் நிலவறையில் மணியடிக்கும் மின்கருவி ஒன்று செய்தார். 1883-இல் காப்புரிமை. பிறகு அவர் தொடங்கிய கம்பெனி இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஜான்சன் சரி, அந்த ஊழியர் என்ன ஆனார்? இந்தக் கேள்வி வந்ததும் எனக்கு எங்கள் ஊர் மடைக்காரர் நினைவு வந்தது.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் என்று உங்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் நம் முன்னோர் கட்டியவை. கடைசி மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தது. அங்கிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து வயல். ஒவ்வொரு குளத்திலும் இரண்டு வழி. ஒன்று மறுகால். அளவுக்கு மேல் தண்ணீர் ஏறினால் தானே வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும். ஆளே வேண்டாம். இன்னொன்று மடை. அதற்கு ஆள் வேண்டும்.

எங்கள் குளத்து மடையில் இரண்டு கல்தூண், நடுவே நீளக் கம்பு, கம்பின் அடியில் துளையை அடைக்கும் கட்டை. குளம் பெருகிக் கிடக்கும்போது எங்கள் மடைக்காரர் நீந்திப் போய், தேவைப்பட்டால் முங்கி, கட்டையைத் தூக்குவார். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். எந்த வயலில் களை எடுத்திருக்கிறது, எது கதிர் வாங்குகிறது, கடைமடைக்காரன் எத்தனை நாளாகக் காத்திருக்கிறான் எல்லாம் அவருக்குத் தெரியும். காருக்கும் பிசானத்துக்கும் களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள். அதற்குச் 'சுதந்திரம்' என்று பேர்.

1976 வாக்கில் எங்கள் மடைக்கு இரும்பு ஷட்டர் வந்தது. கரையில் நின்றே சக்கரத்தைச் சுற்றினால் போதும். அப்போது நான் பட்டப்படிப்பு முடித்த புதுசு. ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன்: "இனி யார் வேணும்னாலும் திறக்கலாம். இதுக்கு எதுக்கு ஒரு ஆளு, எதுக்கு நெல்லு?" கைதட்டினார்கள். படித்த பையன் சொல்கிறான் அல்லவா! அளப்பு நின்றது. அண்ணாச்சி கோபப்படவில்லை. கரையில் என்னைப் பார்த்தபோது, "தம்பி, இரும்பு திரும்பும்லா. எப்பத் திருப்பணும்னு அதுகிட்ட யாரு சொல்லுவா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வருஷம் குடும்பத்தோடு பம்பாய்க்குப் போய்விட்டார்.

யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றதால், கைக்கு வலு உள்ளவன் திறந்தான். மூடத்தான் ஆள் இல்லை. தலைமடை வயல் மிதந்தது, கடைமடை காய்ந்தது. இரண்டு குடும்பம் வெட்டரிவாளைத் தூக்கிக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். ஏழெட்டு வருஷத்தில் ஷட்டர் மரை துருவேறி இறுகிவிட்டது. எண்ணெய் போடுவது யார் வேலை என்று யாரும் தீர்மானித்திருக்கவில்லை. கடைமடையில் எங்கள் சித்தப்பா வயலும் ஒன்று. அதை விற்றுவிட்டார்.

வேலையை நிறுத்துவது சுலபம், வேலைக்காரரின் கவனத்தை வேறு எங்கிருந்து வாங்குவது? வெள்ளைக்காரன் கூட 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டுத்தான், குளம் உடையும் நேரத்தில் ஊரார் வர வேண்டும் என்று எழுதிவைத்தான். நம் குடிமராமத்துக்கு அதற்கு முன் சட்டப் புத்தகம் தேவைப்படவில்லை.

தானாக இயங்கும் மறுகாலுக்கும் இதே கதைதான். 2023 டிசம்பர் மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த மழைக்கு எந்த மறுகாலும் போதாது, உண்மை. ஆனால் எங்கள் ஊர் மறுகால் ஓடையில் ஆளுயரத்துக்கு முள் மண்டிக் கிடந்ததும் உண்மை. தண்ணீர் வழி தேடித் தெருவுக்குள் வந்தது.

புது வால்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பொருள். குளத்தில் முங்கி உயிரைப் பணயம் வைக்க யாரும் இனி வேண்டாம். ஆனால் அந்த வால்வுக்குத் தன் பக்கத்துச் சூடு மட்டும்தான் தெரியும். ஒருநாள் கனத்த திரைச்சீலை அதன் மேல் மூடிக் கிடந்தது. திரைக்குள் இருந்த சூட்டை அறைச் சூடு என்று நம்பி, வால்வு மூடிக்கொண்டது. இருமலோடு படுத்திருந்த உங்கள் டீச்சரம்மா விடியும்வரை நடுங்கினார். பேத்திதான் வந்து திரையை விலக்கினாள்.

கிளம்பும்போது மகளிடம் சொல்லிவிட்டு வந்தேன்: "கோடையில அப்படியே மூடி விட்டுராத. உள்ள ஊசி இறுகிப் போவும். முழுசாத் திறந்து வை, மாசத்துக்கு ஒருதரம் திருப்பி விடு." குளிர் நாட்டில் இருக்கும் என் மாணவர்களுக்கும் இதே யோசனைதான்.

அண்ணாச்சியின் பிள்ளைகள் மும்பையில் எங்கேயாவது இருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்காவது தொடர்பு இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் பேசியது தப்பு என்று அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகளிடமாவது சொல்ல வேண்டும்.