சென்னையின் மேற்குப் புறநகரில் கார் விற்பனை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்குத் தொழிற்சாலைகள் முதலில் வந்தன. கார் வாங்கும் வழக்கம் வெகுகாலம் கழித்தே வந்தது. அம்பத்தூரில் டன்லப் நிறுவனம் டயர் செய்தது. 1964-இல் உருவான தொழிற்பேட்டையின் பட்டறைகள் பல, வாகன உதிரிபாகங்கள் செய்தன. ஆவடியிலோ 1965 முதல் விஜயந்தா டாங்கிகளே தயாராயின. இவற்றில் உழைத்தவர்கள் வேலைக்கு வந்தது ரயிலிலும் சைக்கிளிலும்தான்.

அன்று பணம் இருந்தாலும் கார் எளிதில் கிடைக்காது. உரிமம் பெற்ற சில நிறுவனங்களே கார் தயாரித்தன. அம்பாசிடர், பியட், வண்டலூர் அருகே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என மூன்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும். மத்திய அரசின் 1959-ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 2,000 ரூபாய் கட்டி, முகவரிடம் பெயரைப் பதிந்து, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. முகவர் கடை ஊழியருக்குப் பேச்சுத்திறமை எதற்கு? அவர் ஒருவகையில் ரேஷன் கடைக்காரர். வாங்குபவர்தான் அவரிடம் பணிவாகப் பேசினார்.

1983-இல் வந்த மாருதி 800 காருக்கும் 10,000 ரூபாய் முன்பணம் கட்டி மக்கள் காத்திருந்தார்கள். 1993-இல் கார் தயாரிப்புக்கு உரிமம் தேவையில்லை என்றான பிறகே நிலைமை தலைகீழானது. பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை அமைத்தது. 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. இந்தியாவில் பெயர் தெரியாத அந்தக் கொரிய நிறுவனம் வாடிக்கையாளரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. ஷாருக் கான் விளம்பரத்தில் தோன்றினார். வங்கிகளும் மாதத் தவணைக் கடனை எளிதாக்கின. இன்று நாம் காணும் கார் விற்பனையாளர் இந்தப் போட்டியில் உருவானவர்.

அவர் வீட்டுக்கே காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கச் சொல்வார். பழைய காருக்கு விலை பேசுவார். கடனுக்கும் ஏற்பாடு செய்வார். சம்பளத்தோடு, மாத இலக்கை எட்டினால் ஊக்கத்தொகையும் உண்டு. மாதக் கடைசியில் தள்ளுபடி சற்றுத் தாராளமாவது அதனால்தான். ஷோரூம் விலையோடு சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்ததே ‘ஆன்ரோடு’ விலை. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் அதை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெளியில் விலை கேட்டாலே பலருக்கு ஆயிரக்கணக்கில் மிச்சமாகும். கேட்கத் தயங்குபவர்கள் பெரும்பாலும் முதல் முறையாகக் கார் வாங்கும் குடும்பத்தினர். தரைவிரிப்பு, சீட் உறை, மெருகுப்பூச்சு என்று ஒப்பந்தத்தாளில் ஏறும் தொகையும் அவர்களின் தவணையில்தான் சேர்கிறது.

ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்கப் பலர் தயங்குவார்கள். ஆயுத பூஜையை ஒட்டி ஷோரூமில் நிற்க இடமிருக்காது. டிஎன் 12, டிஎன் 13 என்ற பூந்தமல்லி, அம்பத்தூர் பதிவெண்களோடு புதிய கார்கள் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கோ பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்கோ போய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகே வீடு சேர்கின்றன.