மன்னிப்பு (கிறித்தவம்)

தனக்குத் தீங்கு செய்தவரை மன்னிப்பது, கடவுளிடம் மன்னிப்புக் கேட்பவர்மேல் கிறித்தவம் இடும் நிபந்தனை. இயேசு கற்பித்த செபத்தில் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. வேர் யூத மரபில் இருக்கிறது: கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீராக்கின் ஞான நூல், அயலாரை மன்னித்தால் உன் பாவங்களும் மன்னிக்கப்படும் என்ற கருத்தை முன்பே சொல்லிவிட்டது.

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்கிறார். எழுபது தடவை ஏழு முறை என்று சொல்லும் இயேசு, ஒரு கதையையும் சொல்கிறார். அரசன் ஓர் ஊழியனின் 10,000 தாலந்துக் கடனைத் தள்ளுபடி செய்கிறான். அந்த ஊழியனோ 100 தெனாரியம் தரவேண்டிய சக ஊழியனின் கழுத்தை நெரிக்கிறான். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். முதல் கடன் இரண்டாவதைப்போல் ஆறு லட்சம் மடங்கு. இந்தக் கணக்குத் தெரியாமல் படித்தால் கதையின் கூர்மை பாதி போய்விடும்.

தொடக்கத் திருச்சபை மன்னிப்பை வழிபாட்டு ஒழுங்காகவே எடுத்துக்கொண்டது. சகோதரனோடு பகை உள்ளவர் ஒப்புரவாகும்வரை கூட்டத்தில் சேரக்கூடாது என்கிறது ‘திதாக்கே’ என்னும் பழைய நூல்.

கி.பி. 250இல் நிலைமை சிக்கலானது. உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்பது பேரரசர் தேசியுஸின் ஆணை. பயந்து பணிந்த கிறித்தவர்கள் பிறகு திருச்சபைக்குத் திரும்பி வந்தபோது, சேர்க்கவே கூடாது என்று பிரிந்துபோனார் உரோமைக் குரு நொவாசியன்; தவம் செய்தவர்களை ஏற்கலாம் என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். எத்தனை முறை மன்னிப்பது என்ற பேதுருவின் கேள்வி பின்னுக்குப் போய், மன்னிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி முன்னே வந்தது. அடுத்த பல நூற்றாண்டு வரலாறு பெரிதும் இந்த இரண்டாம் கேள்வியைச் சுற்றியதே. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தை ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயமாக்கியது. 1517இல் மார்ட்டின் லூதர், பாவத் தண்டனையைக் குறைப்பதாகச் சொன்ன பலன் சீட்டுகளின் விற்பனையை எதிர்த்தார்.

20ஆம் நூற்றாண்டில் பேச்சு மறுபடியும் பாதிக்கப்பட்டவரிடம் திரும்பியது. தென்னாப்பிரிக்காவின் உண்மை, ஒப்புரவு ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய பேராயர் டெஸ்மண்ட் டுட்டு மன்னிப்பை நாட்டின் தேவையாகவே பேசினார். ஆனால் உண்மையை ஒப்புக்கொண்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கும் சட்டத்தை எதிர்த்து, நிறவெறி ஆட்சியின் காவலில் இறந்த போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தார் 1996இல் நீதிமன்றம் சென்று தோற்றனர். அவர்களின் எதிர்ப்பு நியாயமானது: இழந்தவர் சார்பில் இன்னொருவர் மன்னிக்க முடியாது.

இந்தியாவில் இதே விவாதத்துக்குச் சான்று ஒடிசா. 1999 ஜனவரியில் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மறைப்பணியாளர் கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு மகன்களும் வண்டியோடு எரித்துக் கொல்லப்பட்டனர். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்த அவர் மனைவி கிளாடிஸ், பாரிபதாவில் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். சட்டம் தன் வழியில் சென்றது; முதன்மைக் குற்றவாளிக்கான ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது.