புல்சரிவில் மின் தோட்ட டிராக்டர்

மின் தோட்ட டிராக்டர் என்பது பேட்டரியில் ஓடும், உட்கார்ந்து ஓட்டும் சிறு புல்வெட்டு வண்டி. அதைச் சரிவில் ஓட்டுவோருக்குப் பெரிய உழவு டிராக்டர்களின் விபத்து வரலாறு ஒரு பாடம். தாம்பரம் பகுதி ஏரிக்கரைகளுக்கு இவ்வண்டி ஏன் பொருந்தாது என்பதை உணரவும் அந்த வரலாறு உதவும்.

உழவு டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநர் அதன் அடியில் நசுங்குவார். இதைத் தடுக்க, புதிய டிராக்டர்களில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம் இருக்க வேண்டும் என்று சுவீடன் 1959-இல் கட்டாயமாக்கியது. சட்டகமும் இருக்கைப் பட்டையும் சேர்ந்தே உயிர் காக்கும். பட்டை இல்லாவிட்டால் தூக்கி எறியப்பட்டவர் மீதே சட்டகம் விழலாம். 1976-இல் அமெரிக்கா, பண்ணைத் தொழிலாளர் ஓட்டும் புதிய டிராக்டர்களுக்கு இரண்டையும் கட்டாயமாக்கியது. ஆனால் 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றுக்கே அவ்விதி பொருந்தியது. வீட்டுத் தோட்ட வண்டிகள் தப்பிவிட்டன. உண்மையில், தப்பாமல் போனது அவற்றை ஓட்டியவர்கள்தான்.

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1969 வாக்கில் 'எலக்-டிராக்' என்ற மின் தோட்ட டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆறு வோல்ட் பேட்டரிகள் ஆறு சேர்ந்து 36 வோல்ட் தந்தன. ஈயப் பேட்டரியின் எடை தாழ்வாக அமைந்தால் வண்டி எளிதில் சாயாது. ஆனால் ஈரப்புல்லில் சறுக்கத் தொடங்கிய கனவண்டியை நிறுத்துவது கடினம். சரிவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிப் பெட்ரோல் என்ஜின் கெடக்கூடும். மின்மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதுவே ஓட்டுநருக்கு மிகைத் துணிச்சலைத் தந்துவிடும்.

இந்தியாவில் சோனாலிகா நிறுவனம் 2020 டிசம்பரில் 'டைகர்' மின் டிராக்டரை அறிமுகப்படுத்தியது. தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு அருகே 2012-இல் தொடங்கிய மகிந்திரா ஆய்வு மையத்தில் டிராக்டர் வடிவமைப்பும் நடக்கிறது.

சேலையூர், செம்பாக்கம், இரும்புலியூர் என இவ்வட்டாரத்தில் புல்சரிவு என்றால் பெரும்பாலும் ஏரிக்கரைதான். இரண்டடி அகலத்துக்கு ஓரடி உயரம் என்பது மண்கரைக்கு வழக்கமான கணக்கு. அதன் சாய்வு ஏறக்குறைய 27 பாகை. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டு வண்டிகளுக்குக் கையேடுகள் பொதுவாக இடும் எல்லையோ 15 பாகை. கரைச்சரிவில் அரிவாளோ தோளில் மாட்டும் புல்வெட்டியோதான் ஏற்றது.

எல்லைக்குள் இருக்கும் சரிவிலும் மேலும் கீழுமாகவே ஓட்ட வேண்டும். குறுக்கே போகவோ நடுவில் திரும்பவோ கூடாது. சில வண்டிகளில் இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகி வேகத்தைக் குறைக்கும். பேட்டரி நிரம்பியிருந்தால் அந்தப் பிடிப்பு தளரும் என்பதால், சரிவின் உச்சியில் முழு மின்னேற்றத்தோடு வேலையைத் தொடங்குவது நல்லதல்ல.